கிணற்றடியில் கேட்ட தண்ணீர்: யோவான் 4:4–42க்கு ஓர் உரை

சமாரியப் பெண்ணைப் பற்றிய நற்செய்திப் பகுதி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு திருப்பலியில் வரும். 2023இல் அந்த ஞாயிறு மார்ச் 12. அதற்கு ஏறத்தாழப் பதினோரு வாரம் முன்னால், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 2022 டிசம்பர் 26 அன்று, எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் ஒன்றியத்தில் இருக்கும் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், தண்ணீர்மேல் சந்தேகம் வந்து, தொட்டியில் ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

தண்ணீருக்காகத் தலைகுனிந்து நின்ற மாவட்டத்தில், அந்த மார்ச் மாதம், கத்தோலிக்கக் கோவில் ஒவ்வொன்றிலும் தண்ணீரைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்பட்டது. நான் திருப்பலி கண்ட கோவிலில் மறையுரை ஆன்மாவின் தாகத்தைப் பற்றியது. நல்ல மறையுரைதான். ஆனால் கோவிலிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊரின் பெயர் அதில் ஒரு தடவைகூட வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்து விவிலியத்தை மறுபடி திறந்தேன். இந்தப் பகுதியை எங்கள் மண்ணில் நின்று வசனம் வசனமாகப் படித்தால் என்ன கிடைக்கிறது என்பதை எழுதிவைக்க நினைத்தேன். வாசிப்பவர்கள் விவிலியத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளட்டும்.

வசனங்கள் 4–6

யூதேயாவிலிருந்து கலிலேயாவுக்குப் போகும் வழியில் இயேசு சமாரியாவைக் கடக்கிறார். சிக்கார் என்ற ஊருக்கு வெளியே யாக்கோபின் கிணறு. நடந்து வந்த களைப்பில் கிணற்றோரமாக உட்கார்ந்துவிடுகிறார். உச்சிவேளை. அந்தக் கிணறு நாப்லுஸ் நகருக்குப் பக்கத்தில் ஒரு கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோவிலின் நிலவறைக்குள் இன்றும் இருக்கிறது. ஆழம் ஏறத்தாழ 40 மீட்டர்.

இந்த உச்சிவேளையை வைத்துக்கொண்டு நம் பிரசங்கிகள் ஒரு கதை கட்டிவிடுகிறார்கள். அந்தச் சமாரியப் பெண் ஒழுக்கம் கெட்டவள் என்பதால் மற்றப் பெண்களின் முகத்தில் விழிக்கக் கூசி, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாளாம். யோவான் அப்படி எதுவும் எழுதவில்லை. தண்ணீர் சுமந்தே பழகாதவர்கள்தான் இப்படி விளக்கம் சொல்ல முடியும். புதுக்கோட்டை வறண்ட பூமி. வெள்ளாறும் அக்கினியாறும் மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல். கண்மாயையும் ஊருணியையும் நம்பிப் பிழைத்த சீமை இது. இப்போது குழாய் வந்திருக்கிறது. பஞ்சாயத்தில் எப்போது மோட்டார் போடுகிறார்களோ அப்போதுதான் குடம் நிறையும். அது விடியற்காலமாகவும் இருக்கும், மொட்டை வெயிலாகவும் இருக்கும். வீட்டில் தண்ணீர் தீர்ந்தது, அவள் வந்தாள். அதற்கு மேல் அந்த வசனத்தில் ஒன்றும் இல்லை.

வசனங்கள் 7–9

என் கணக்கில் மொத்தப் பகுதிக்கும் வாசல் இந்த மூன்று வசனங்கள்தாம். தண்ணீர் மொள்ள வந்த பெண்ணிடம் இயேசு குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவள் திடுக்கிடுகிறாள். யூதரான நீர் சமாரியப் பெண்ணான என்னிடம் எப்படிக் கேட்கலாம் என்கிறாள். இரு சாராரும் ஒருவரோடொருவர் பழகுவதில்லை என்று நற்செய்தியாளரும் ஒரு வரி சேர்த்து விளக்குகிறார்.

யூதரும் சமாரியரும் அந்நியர்கள் இல்லை. ஒரே மோசே, ஒரே சட்டம், ஒரே முன்னோர். சமாரியர் கெரிசிம் மலையில் கட்டியிருந்த கோவிலை, இயேசு பிறப்பதற்கு நூறாண்டுக்குச் சற்று முன்பு, யூதத் தலைவர் யோவான் இர்க்கான் இடித்துத் தரைமட்டமாக்கினார். ஒரே வேதத்தைப் படிக்கிற இரண்டு கூட்டம், ஆனால் அன்னந்தண்ணி புழங்குவதில்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவருக்கு இதற்கு மேல் வியாக்கியானம் தேவைப்படாது.

11ஆம் வசனத்தையும் இங்கேயே சேர்த்துப் படித்துவிட வேண்டும். மொள்ள உம்மிடம் ஒன்றும் இல்லை, கிணறோ ஆழம் என்கிறாள் அந்தப் பெண். வாளியும் இல்லை, கயிறும் இல்லை. அப்படியானால் அவர் குடிப்பதாக இருந்தால் அவளுடைய பாத்திரத்தில்தான் குடித்தாக வேண்டும். அவள் தொட்ட தண்ணீரை, அவள் குடத்திலிருந்து. அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் கேட்கிறார். அவளுடைய திடுக்கிடல் அதனால்தான்.

கொடுப்பதால் சாதி உடையாது. நம் ஊர்களில் மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களுக்கு எந்தக் காலத்திலும் கொடுத்துத்தான் வந்திருக்கிறார்கள். குவித்த கையில் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள், அறுவடைக் களத்தில் நெல் அளந்தார்கள், பொங்கலுக்குத் துணி எடுத்துக் கொடுத்தார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தபோது, எல்லாச் சபைகளும் அரிசியும் தார்ப்பாயும் மெழுகுவத்தியுமாக ஓடின. பட்டியல் சாதி மக்கள் வாழும் காலனிகளுக்கும் போயின. அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வராது, பசித்தவர்கள் சாப்பிட்டார்கள். ஆனால் கொடுத்த கை மேலேதான் இருந்தது, வாங்கிய கை கீழேதான் இருந்தது. நீ கொடு, நான் வாங்கிக் குடிக்கிறேன் என்று ஒருவர் சொல்லும்போதுதான் அந்த ஏற்பாடு ஆட்டம் காண்கிறது. இயேசு பேச்சைத் தொடங்கும் இடம் அது. வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றி அவர் வாய் திறக்கும் முன்பே அவள் குடத்துத் தண்ணீரைக் கேட்டுவிட்டார். அவர் குடித்தாரா, அவள் கொடுத்தாளா என்று யோவான் சொல்லவில்லை. கேட்டார் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்கிறார்.

எங்கள் பக்கத்து அன்பியக் கூட்டங்களில், அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டங்களில், நான் பார்த்ததைச் சொல்கிறேன். அன்பியம் வீட்டுக்கு வீடு மாறி வரும். ஜெபமாலை, வாசகம், பகிர்வு, கடைசியில் டீ. ஒரு முறை காலனியில் ஒரு வீட்டில் நடந்தது. வாசலில் கோலம், ஸ்டூல்மேல் வெள்ளைத்துணி விரித்து மாதா சுரூபம். எல்லாரும் வந்தார்கள், நன்றாகப் பாடினார்கள். முடிந்ததும் அந்தப் பெண் தட்டில் எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். ஸ்டிக்கர்கூட முழுதாக உரியாத புது டம்ளர்கள். "டீ போட்டுட்டேன், இருந்து குடிச்சிட்டுப் போங்கக்கா" என்றாள். "இல்லம்மா, இப்பத்தான் வீட்ல குடிச்சிட்டு வந்தேன்" என்று ஒருவர். "எனக்கு சுகரும்மா" என்று இன்னொருவர். சிலர் அதற்கு முன்பே செருப்பை மாட்டிவிட்டார்கள். இரண்டு மூன்று பேர் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தங்கள் தண்ணீரைக் குடித்தார்கள். அடுத்த முறை அதே தெருவில் இன்னொரு வீட்டில் கூட்டம் வந்தது. அந்த வீட்டுக்காரி டீ போடவில்லை. கடையில் மூடி திறக்காத கலர் பாட்டில்கள் வாங்கி வைத்திருந்தாள். அதை எல்லாரும் வாங்கிக் குடித்தார்கள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. மூடி போட்ட பாட்டில் வரைக்கும் நம் விசுவாசம் போயிருக்கிறது.

8ஆம் வசனத்தில் சீடர்கள் சாப்பாடு வாங்க ஊருக்குள் போயிருப்பதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். சமாரியரிடம் காசு கொடுத்து வாங்குவதில் அவர்களுக்குத் தடை ஏதும் இல்லை.

வசனங்கள் 10–15

வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் உண்டு, நான் புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை. இரண்டு இடங்களில் மட்டும் நிற்கிறேன்.

12ஆம் வசனத்தில் அந்தப் பெண், எங்கள் தந்தை யாக்கோபு தந்த கிணறு இது, அவரும் பிள்ளைகளும் கால்நடைகளும் இதில் குடித்தார்கள் என்கிறாள். உரிமைப் பேச்சு அது. யாக்கோபு உங்களுக்கு மட்டும் தகப்பன் இல்லை என்று யூதரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். தொண்டைமான்கள் காலத்திலும் அதற்கு முன்பும் வெட்டிய கண்மாய்களும் ஊருணிகளும் இந்த மாவட்டம் முழுக்கக் கிடக்கின்றன. வெட்டுவித்தவர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கும், மண்வெட்டி பிடித்தவர்கள் பெயர் இருக்காது. கரையைக் கட்டிய கைகளுக்கே பிறகு அந்தக் கரையில் இறங்க உரிமை இல்லாமல் போனது. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தில் மகாத் நகரின் சவதார் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் கரையில் நின்றவர்களும் இந்தப் பெண்ணும் கேட்டது ஒரே நியாயத்தைத்தான்.

15ஆம் வசனத்தில், அந்தத் தண்ணீரை எனக்குத் தாரும், இனி தாகமும் வேண்டாம், இங்கே வந்து மொள்ளும் பாடும் வேண்டாம் என்கிறாள். ஆன்மிகம் புரியாமல் பேசுகிறாள் என்பார்கள் உரையாசிரியர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று குடம் சுமக்கிறவள் கடவுளிடம் முதலில் கேட்கும் வரம் அதுதான். இயேசு அதற்காக அவளைக் கடிந்துகொள்ளவும் இல்லை.

வசனங்கள் 16–18

உனக்கு ஐந்து கணவர்கள் இருந்தார்கள் என்கிறார் இயேசு. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இரண்டாயிரம் ஆண்டாக அவளைப் பாவி என்று சொல்லி வருகிறோம். மணமுறிவு சீட்டு எழுதிக் கொடுக்கும் உரிமை அன்றைய யூதச் சட்டத்தில் ஆணுக்கே இருந்தது. ஐந்து பேரில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டார்கள், அண்ணன் செத்துத் தம்பிக்குக் கட்டிவைத்தார்களா, எதுவும் பகுதியில் இல்லை. பாவம் என்ற சொல்லும் இல்லை, மன்னித்தேன் என்ற சொல்லும் இல்லை. அவள் வாழ்க்கை எப்படி என்று தெரிந்தும் அவர் எழுந்து போகவில்லை, அவ்வளவுதான். ஊர் அவளை எப்படிப் பார்த்தது என்பதற்கு 30, 39ஆம் வசனங்கள் சாட்சி: அவள் பேச்சைக் கேட்டு ஊரார் கிளம்பி வந்தார்கள், அவள் சொன்னதை முன்னிட்டுப் பலர் நம்பினார்கள். நடத்தை கெட்டவள் என்று ஒதுக்கி வைத்தவளின் பேச்சுக்கு எந்த ஊர் அப்படிக் கிளம்பும்?

கைவிடப்பட்டவர்களும் கைம்பெண்களும் நம் கோவில் பெஞ்சுகளில் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் இந்த வசவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மறையுரை சொல்கிறவர்கள் தயவுசெய்து இதை நிறுத்த வேண்டும்.

வசனங்கள் 19–24

எந்த மலையில் வழிபடுவது என்று அவள் கேட்கிறாள். சமயச் சண்டைக்குள் இயேசுவை இழுக்கப் பேச்சை மாற்றுகிறாள் என்பது வழக்கமான விளக்கம். எந்தக் கோவிலுக்குள்ளும் விடாதவர்களுக்கு அது பேச்சு மாற்றும் கேள்வியாக இருக்காது. வேங்கைவயல் செய்தி வெளியே வந்த மறுநாள் மாவட்ட ஆட்சியர் கவிதா ராமு நேரில் போனார். தண்ணீர் விஷயமாக விசாரிக்கப் போனவரிடம் மக்கள், பக்கத்து இறையூரில் ஐயனார் கோவிலுக்குள் எங்களை விடுவதில்லை, டீக்கடையில் இரட்டைக் குவளை இருக்கிறது என்று சொன்னார்கள். அவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு கோவிலுக்குள் போனார், கடைக்காரர்மேல் வழக்குப் பதிவானது. குடிதண்ணீரில் தொடங்கிய பேச்சு சாமி கும்பிடும் இடத்துக்குப் போனதில் அந்தச் சமாரியப் பெண்ணும் இந்த மக்களும் ஒன்று. இரண்டும் ஒரே கதவில் போட்ட பூட்டு என்று அவர்களுக்குத் தெரியும்.

தொட்டி வழக்கில் 2025 ஜனவரியில் சிபிசிஐடி அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மேலேயே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த மக்களும் பல இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. தீர்ப்பு நீதிமன்றத்துக்கு உரியது. இரட்டைக் குவளைக்கும் பூட்டிய கோவிலுக்கும் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அவை எல்லாரும் கண்ணால் கண்டவை.

இயேசுவின் பதில் பெரிய பதில். இந்த மலையும் இல்லை, எருசலேமும் இல்லை, உள்ளத்தின் உண்மையில் வழிபடும் காலம் வந்துவிட்டது என்கிறார். யூதர் வழியாகவே மீட்பு என்று தம் மரபையும் மறைக்காமல் சொல்கிறார். ஆனால் அந்த மரபுக்குள் வந்தால்தான் உனக்குத் தண்ணீர் என்று சொல்லவில்லை.

வசனங்கள் 27–30

சீடர்கள் திரும்பி வருகிறார்கள். ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறாரே என்று வியக்கிறார்கள், வாய்விட்டுக் கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள்.

இந்த நற்செய்தி நீளமானது என்பதால் சுருக்க வடிவம் ஒன்றும் வாசக நூலில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பல கோவில்களில் நேரம் கருதி அதையே வாசிக்கிறார்கள். அதில் இந்தக் குடம் இல்லை. அவள் ஓடியதும் இல்லை, ஊராரிடம் பேசியதும் இல்லை. ஐந்து கணவர் வசனங்களும் அதில் இல்லைதான், ஆனால் அவை மறையுரையில் எப்படியும் வந்துவிடுகின்றன. கிறிஸ்துவை ஓர் ஊருக்கே அறிவித்த பெண்ணின் ஓட்டம் மட்டும் காணாமல் போகிறது. முழு வடிவத்தையே வாசிக்க வேண்டும் என்று பங்குத் தந்தையரைக் கேட்டுக்கொள்கிறேன்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்த ஓட்டம் பழக்கமானது. 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தது. கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர்களும் வயல்வேலைக்குப் போனவர்களும் சேலையைச் செருகிக்கொண்டு சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி இந்தியா முழுக்கத் தெரியவைத்தார். கேரியரில் தண்ணீர்க்குடம், முன்னால் பிள்ளை என்று அவர்கள் போன காட்சியை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. ஆரம்பத்தில் அவர்கள் காதுபட ஆண்கள் பேசிய பேச்சும் எங்களுக்குத் தெரியும். சீடர்களைப் போல வாய்மூடி வியந்தவர்கள் அன்று குறைவு. இறங்காமல் மிதித்த அந்தப் பெண்கள்தான் பக்கத்து ஊர்களுக்குப் போய் மற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

வசனங்கள் 31–38

சீடர்கள் சாப்பிடச் சொல்ல, தமக்கு வேறு உணவு இருக்கிறது என்கிறார் இயேசு. விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்கிறார். எங்கள் பக்கத்தில் விதைத்தவர்கள் உபதேசியார்கள். சுவாமியார் ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்த காலத்தில், ஜெபம் சொல்லிக் கொடுத்து, சாகப்போகும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, பிணத்துக்கு மந்திரம் சொல்லி, ஊர் ஊராக நடந்தவர்கள். அவர்களில் பலர் காலனிக்காரர்கள். பங்கு வரலாற்றுக் கல்வெட்டுகளில் அவர்கள் பெயர் பொறிக்கப்பட வேண்டும்.

வசனங்கள் 39–42

சமாரியர் வந்து, எங்களோடு தங்கும் என்று கேட்கிறார்கள். அவர் இரண்டு நாள் தங்குகிறார்.

பிரசங்கங்களில் இந்த இரண்டு நாளைப் பற்றி நான் கேட்டதே இல்லை. தங்கினார் என்றால் அவர்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தார், அவர்கள் அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டார், அவர்கள் குடத்துத் தண்ணீரைக் குடித்தார். கிணற்றடியில் கேட்ட தண்ணீர் கிடைத்ததா என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. அவரோடு இருந்த சீடர்களும் அதையேதான் சாப்பிட்டிருக்க வேண்டும். மூடி போட்ட பாட்டில் அங்கே இல்லை. அதற்குப் பிறகுதான் அவ்வூர் மக்கள் அவரை உலகின் மீட்பர் என்கிறார்கள்.

எங்கள் திருச்சபை, அவர் அவர்களோடு தங்கினார் என்ற இந்த வசனத்தில்தான் நெடுங்காலமாகத் தடுமாறி நிற்கிறது. புதுக்கோட்டைச் சீமையின் பழைய மறைத்தளம் ஆவூர். வெனான்சியுஸ் பூஷே சுவாமி 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. இப்போதுள்ள பெரியநாயகி மாதா கோவில் 1747இல் கட்டியது. பாஸ்காவுக்கு அங்கே போகாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு, தேருக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வருவார்கள். ஆவூர் அடங்கியிருந்த மதுரை மிஷன் காலத்தில் உயர்சாதியாருக்கு ஒரு வகை குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்ற வேறு வகை குருக்கள் என்று இரண்டு வரிசை இருந்தது. 1703இல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்னோன், நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்று 1704இல் ஆணையிட்டார். அந்த ஆணையை வைத்து நாற்பது ஆண்டு இழுத்தடித்த வழக்கு 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட் காலத்தில் முடிந்தபோது, அந்த மக்களுக்கென்று தனியாகக் குருக்களை வைப்பது என்ற ஏற்பாட்டில் வந்து நின்றது. வீட்டுக்குள் போ என்ற கட்டளைக்கு, போவதற்கென்று வேறு ஆளை வைக்கிறோம் என்று பதில் சொன்னார்கள். அந்தக் குருக்கள் உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள், அவர்கள் தியாகத்தில்தான் நாங்கள் நிற்கிறோம். ஆனால் இந்த ஏற்பாடு தவறு. இயேசு தமக்குப் பதிலாகச் சிக்காருக்கு வேறு யாரையும் அனுப்பவில்லை.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதி பிரிக்கும் சுவரைப் பற்றி நாடே பேசிவிட்டது. பட்டியல் சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவருக்கு அந்தப் பிரிவின் இடஒதுக்கீட்டை மறுக்கும் 1950ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்து ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக்கொடி கட்டுகிறோம். நியாயமான போராட்டம், நானும் நின்றிருக்கிறேன். அரசிடம் கேட்கும் அதே நியாயத்தைப் பங்குப் பேரவையிடமும் கேட்க வேண்டும்.

பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் என் வேண்டுகோள் மூன்று. காலனி வீட்டில் அன்பியம் நடந்தால், பொறுப்பாளர் முதல் ஆளாக டம்ளரை எடுத்து, வாய் வைத்துக் குடிக்கட்டும். திருவிழா அன்னதானச் சமையலில் எல்லாத் தெருப் பெண்களுக்கும் கரண்டி கொடுங்கள், ஒரே பந்தியில் உட்காருங்கள். இரண்டு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் பங்குகள், வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன் கூடிப் பேசி ஒன்றாக்குங்கள்.